கல்லூரிக் கட்டடமும் கணக்கில் ஏறாத செலவுகளும்

 

நம் சமுதாயத்தில் கல்வியின் மீது ஆர்வம் பெருகியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பள்ளிவாசல் கட்டுவதையே பெரும் பணியாகக் கருதிய மஹல்லாக்கள் இன்று "நம்மூரிலும் ஒரு கல்லூரி வேண்டாமா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றன. இந்த எண்ணம் எழுவதே ஒரு நிஃமத்துதான். ஆனால் எண்ணத்திற்கும் அடிக்கல்லுக்கும் இடையே ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் எதைச் செலவு என்று எழுதுகிறோம், எதை எழுதாமல் விடுகிறோம் என்பதில்தான் அக்கல்லூரியின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. அதைப் பற்றியே இங்கு உங்களோடு சற்று உரையாட விரும்புகிறேன்.

விழுப்புரத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கெழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் நான். இவ்வூரிலிருந்தும், சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே உள்ள திண்டிவனத்திலிருந்தும் பள்ளிவாசல், மதரஸா, அறக்கட்டளைகளின் நிர்வாகஸ்தர்கள் தங்கள் வரவு செலவுகளை என்னிடம் கொண்டு வருவதுண்டு. ஆகவே இதை ஓர் ஆலிமின் தீர்ப்பாக அல்லாமல், ஒரு கணக்கனின் யோசனையாக வாசியுங்கள். மார்க்கச் சட்டம் சம்பந்தப்பட்ட இடங்களில் உங்கள் மஹல்லா உலமாப் பெருமக்களைக் கலந்து கொள்ளுங்கள்.

ஒரு துண்டுச் சீட்டு

சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனம் வட்டாரத்தில், பெண்களுக்கான கலைக் கல்லூரி ஒன்று தொடங்குவது குறித்து ஆலோசனைக் கூட்டம் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். ஊரின் பெரியவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த இளைஞர்கள், திரைக்கு அப்பால் பெண்கள் என நல்ல கூட்டம். பொறியாளர் ஒரு பக்க மதிப்பீட்டை வாசித்தார். இருபதாயிரம் சதுர அடி. சதுர அடிக்கு இரண்டாயிரம் ரூபாய். ஆக நான்கு கோடி. நிலம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கோடி நன்கொடையாக வரும். மீதியைக் கடன் வாங்கலாம், கட்டணம் வந்ததும் அடைத்துவிடலாம். கூட்டத்தில் தக்பீர் முழங்கியது.

அப்போது பெண்கள் பகுதியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பேர் எழுதப்படவில்லை. "என் மகள் இங்கே சேர்ந்தால் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?" என்ற ஒரே ஒரு கேள்வி. தலைவர் அதைப் பொறியாளரிடம் கொடுத்தார். பொறியாளர் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளர் என்னைப் பார்த்தார். வாசிக்கப்பட்ட மதிப்பீட்டில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை.

சகோதரர்களே, அந்தத் தாயின் கேள்விதான் கணக்கின் சரியான தொடக்கம். கட்டடத்திற்காக யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள், தம் கையிலிருந்து கொடுத்தாக வேண்டிய ஒவ்வொன்றும் செலவுதான். நாம் எழுதாமல் விட்டதால் அது மறைந்துவிடாது. எழுதப்படாத செலவு கடைசியில் எங்கே போய் விழுகிறது தெரியுமா? தப்பித்துக்கொள்ள வழியில்லாத ஏழை மாணவியின் கல்விக் கட்டணத்தில்!

முன்னோர் கட்டிய முறை

"நம் முன்னோர்கள் கட்டவில்லையா?" என்று கேட்கலாம். கட்டினார்கள், அதுவும் கம்பீரமாகக் கட்டினார்கள். 1951ஆம் ஆண்டு திருச்சியில் ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் நிறுவிய ஜமால் முஹம்மது கல்லூரி, அதே ஆண்டு சென்னையில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கிய புதுக் கல்லூரி, 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, 1965இல் மேல்விஷாரத்தில் வள்ளல் அப்துல் ஹக்கீம் சாஹிப் பெயரால் அமைந்த கல்லூரி, 1971இல் திருநெல்வேலியில் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி என்று பட்டியல் நீளும். வல்ல அல்லாஹ் அந்த வள்ளல்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக!

ஆனால் அன்றைய கணக்கும் இன்றைய கணக்கும் ஒன்றல்ல. அன்று நிலத்தையும் கட்டடத்தையும் வள்ளல்கள் கொடுத்தார்கள். ஆசிரியர் ஊதியத்திற்கு அரசின் மானியம் வந்தது. மாணவனின் கட்டணம் எந்தப் பெரிய பாரத்தையும் சுமக்க வேண்டியிருக்கவில்லை. 1980களின் நடுவிலிருந்து தமிழகத்தில் சுயநிதிக் கல்லூரிகளின் காலம் தொடங்கியது. இன்று புதிதாகத் தொடங்கும் தனியார் கல்லூரியில் ஆசிரியர் ஊதியம், மின் கட்டணம், ஆய்வுக்கூடம், பல்கலைக்கழக இணைப்புக் கட்டணம் அனைத்தையும் மாணவரின் கட்டணமே தாங்க வேண்டும். அந்தத் தோளின் மீதே கட்டடக் கடனையும் தூக்கி வைத்தால் என்ன ஆகும்?

வெளியிலிருந்து வந்த உதவிகளும் சுருங்கிவிட்டன. சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களின் கட்டட விரிவாக்கத்திற்கு நிதி வழங்கி வந்த மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளை 1989இல் தொடங்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் அதனை மூடுமாறு மத்திய அரசு ஆணையிட்டது. ஆகவே இனி நம் கணக்கை நாமே முழுமையாக எழுதியாக வேண்டும்.

இலவச நிலம் இலவசமா?

முதலில் நிலம். மதீனாவில் மஸ்ஜிதுந் நபவி எழுந்த இடம் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமாயிருந்தது. அவர்கள் அதனை அன்பளிப்பாகவே தர முன்வந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறு பெற மறுத்து, விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். இறையில்லம் கட்டுகிறோம் என்பதற்காக நிலத்தின் விலையைக் கணக்கிலிருந்து நீக்கவில்லை அந்த மாமனிதர். தானம் தரப்படும் நிலத்தை ஏற்கக் கூடாது என்பதல்ல இதன் பொருள். வக்ஃபு நம் மார்க்கத்தின் பேரறம். ஆனால் தருபவர் யார், அவருக்குத் தரும் உரிமை உண்டா, வாரிசுகளின் பங்கு அதில் கலந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் பெற்ற நிலம் பின்னாளில் நீதிமன்றச் செலவாக வந்து நிற்கும்.

உரிமை சரியாக இருந்தாலும், நிலம் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. திண்டிவனம் கூட்டத்தில் சொல்லப்பட்ட நிலம் நெடுஞ்சாலையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, ஏரிக்குக் கீழே தாழ்வான பூமியில் இருந்தது. அதற்கு மண் அடிக்க வேண்டும். சாலை போட வேண்டும். ஆழ்துளைக் கிணறும் சுற்றுச் சுவரும் வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியதையும், விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்ததையும் நாம் மறந்துவிட முடியாது. தாழ்வான நிலத்தை உயர்த்தும் செலவு இந்த மாவட்டத்தில் ஆடம்பரச் செலவல்ல.

இவை நிர்வாகத்தின் செலவுகள். மாணவியின் செலவு வேறு. தமிழகத்தில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அந்தப் பேருந்து நிற்கும் இடத்தில் கல்லூரி இருந்தால், மரக்காணத்திலிருந்தும் செஞ்சியிலிருந்தும் வரும் பிள்ளைகள் அதனால் பயனடைவார்கள். பேருந்து செல்லாத வயல்வெளியில் இருந்தால் கல்லூரி வாகனம் வாங்க வேண்டும், ஓட்டுநர் வேண்டும், மாதா மாதம் வாகனக் கட்டணம் வாங்க வேண்டும். இலவச நிலத்தின் விலையைப் பிள்ளைகள் தவணை முறையில் செலுத்துவார்கள். நகரத்தை ஒட்டி விலை கொடுத்து வாங்கிய அரை ஏக்கர், இலவசமாய்க் கிடைத்த ஐந்து ஏக்கரைவிட மலிவாக அமைவதும் உண்டு. அரசு விதிக்கும் குறைந்தபட்ச நிலப்பரப்பையும் பார்த்து, இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

வட்டி என்னும் கண்ணுக்குத் தெரியாத மாடி

அடுத்தது கடன். ஒரு கோடி ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், பத்தாண்டுகளில் மாதத் தவணையாக அடைப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ ரூ.1,43,471. பத்தாண்டுகளில் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ ரூ.1 கோடியே 72 லட்சம். அதாவது 72 லட்சம் ரூபாய்க்கு ஒரு செங்கல்கூட எழும்பவில்லை! கல்லூரியில் 500 மாணவிகள் இருந்தால், இந்த ஒரு கோடிக்காக மட்டும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.3,440 தர வேண்டும். மூன்று கோடி கடன் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். அந்தத் துண்டுச் சீட்டின் கேள்விக்கு விடையில் ஒரு பகுதி இதுதான்.

இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தியக் கணக்காயர் கழகம் வகுத்த கணக்கியல் நெறிமுறை 16, கடனுக்கான செலவுகளைப் பற்றியது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நீண்ட காலம் எடுத்துக் கட்டப்படும் ஒரு கட்டடத்திற்காக வாங்கிய கடனின் வட்டியை, கட்டடம் பயன்பாட்டுக்குத் தயாராகும் வரை, கட்டடத்தின் விலையிலேயே சேர்த்து எழுத வேண்டும் என்கிறது அது. இரண்டாண்டுகள் கட்டும் ஒரு கோடிக் கட்டடத்திற்குக் கடனைச் சிறிது சிறிதாகப் பெற்றால்கூட, அந்த இரண்டாண்டு வட்டி மட்டும் 12 லட்சத்தை ஒட்டி வந்துவிடும். கணக்கில் கட்டடம் ஒரு கோடியே பன்னிரண்டு லட்சமாக நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது கல்லும் சிமெண்டும்தான். சுவருக்குள் வட்டி குடியிருப்பது யாருக்கும் தெரியாது.

இங்கே நம் ஈமான் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. வட்டியைத் திருக்குர்ஆன் எவ்வளவு கடுமையாக விலக்கியிருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வங்கி வட்டியும் அந்த விலக்குக்குள் அடங்கும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1985ஆம் ஆண்டு ஜித்தாவில் தீர்மானித்தது. நம் நாட்டிலோ வட்டியில்லா வங்கி முறையைப் பரிசீலிக்கலாம் என்று 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தும், 2017இல் அந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்தது. மலேசியாவிலோ வளைகுடாவிலோ போல, வங்கியே கட்டடத்தைக் கட்டி வாடகைக்கு விட்டுப் பின்னர் நமக்கே விற்கும் முறை இங்கே நம் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

வக்ஃபு நிலத்தில் கட்டுவதானால் இன்னொரு தடையும் உண்டு. வக்ஃபு சட்டத்தில் 2013இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி வக்ஃபுச் சொத்தை விற்பதும், தானம் செய்வதும், அடமானம் வைப்பதும் செல்லாது. ஆகவே அந்த நிலத்தைக் காட்டி எந்த வங்கியிலும் கடன் பெற முடியாது. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கோ இது ஒரு பாதுகாப்பாகவே தெரிகிறது. தவணை தவறினாலும் ஏலத்துக்கு வர முடியாத சொத்து அது!

வட்டியில்லை என்றால் செலவில்லையா?

இங்கேதான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். "நாங்கள் வட்டி வாங்கவில்லை, ஆகவே எங்களுக்குக் கடன் செலவு இல்லை" என்று சொல்லும் நிர்வாகஸ்தர்களைப் பார்த்திருக்கிறேன். அது முழு உண்மை அல்ல.

ஒரு சகோதரர் ஒரு லட்சம் ரூபாயைக் கர்ழ் ஹஸனாவாக, அதாவது அழகிய கடனாகத் தருகிறார். பத்தாண்டு கழித்து அதே ஒரு லட்சத்தைத் திருப்பித் தருகிறோம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறியிருந்தால், அவர் கைக்குத் திரும்பி வரும் லட்சத்தில் அன்றைய மதிப்புக்கு ஏறத்தாழ 56,000 ரூபாய்க்குத்தான் பொருள் வாங்க முடியும். மீதி 44,000 எங்கே? அது அந்தச் சகோதரர் அல்லாஹ்வுக்காகச் செய்த ஸதகா. அதை அவரிடம் நாம் வட்டியாகத் திருப்பித் தர வேண்டியதில்லை, தரவும் கூடாது. ஆனால் அவர் சுமந்தது ஒரு செலவு என்பதையாவது நாம் அறிந்திருக்க வேண்டாமா? அறிந்திருந்தால், "அவசரமில்லை, பாய் கேட்க மாட்டார்" என்று தவணையைத் தள்ளிப் போட மனம் வராது. கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று பணிக்கும் வசனம், சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், திருமறையிலேயே மிக நீளமான வசனம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவ்வாறே, கம்பியும் சிமெண்டும் ரொக்கத்துக்கு ஒரு விலை, ஆறு மாதத் தவணைக்கு ஒரு விலை என்று வியாபாரி சொன்னால், ஒரே விலையை முன்கூட்டியே பேசி முடித்து வாங்குவது ஆகுமான வியாபாரம் என்று பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் கூறுகிறார்கள். ஆகுமானது என்பதால் கூடுதல் தொகை மறைந்துவிடுமா? அதுவும் கட்டடத்தின் செலவே. வட்டி இல்லாத வழியைத் தேர்ந்தெடுப்பது நம் கடமை; அந்த வழியின் விலையை மறைக்காமல் எழுதுவது நம் அமானிதம்.

தாமதமும் செலவுதான். தூண்கள் எழும்பி, கம்பிகள் துருப்பிடித்து, ஐந்தாண்டுகளாய் நிற்கும் கட்டடங்களை நம் பகுதியில் நெடுஞ்சாலையோரம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். விலை ஏறுகிறது, செய்த வேலை பாழாகிறது, அந்த ஐந்தாண்டில் படித்திருக்க வேண்டிய ஐந்து அணிப் பிள்ளைகள் வீட்டில் இருந்துவிட்டார்கள். இந்தக் கடைசி இழப்பை எழுத எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

அரசு தன் கணக்கை எப்படிப் பிரித்தது?

யார் எதைச் சுமப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்ததற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மத்திய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து 2017இல் உயர்கல்வி நிதி முகமை என்ற நிறுவனத்தை அமைத்தன. மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்கள் கட்டடங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் அதனிடம் பத்தாண்டுக் கடன் பெறலாம். அவ்வாண்டு நவம்பரில் அனுமதிக்கப்பட்ட முதல் சுற்றுக் கடன்கள் ரூ.2,000 கோடியைத் தாண்டின. சென்னை ஐ.ஐ.டி.யும் அவற்றைப் பெற்ற நிறுவனங்களில் ஒன்று.

அதன் ஏற்பாட்டைக் கவனியுங்கள். வட்டியை அரசு செலுத்தும். பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய தொழில்நுட்ப நிறுவனங்கள் அசல் முழுவதையும் தம் சொந்த வருவாயிலிருந்து அடைக்க வேண்டும். 2008க்கும் 2014க்கும் இடையே தொடங்கியவை அசலில் 25 சதவீதம் அடைத்தால் போதும். அதற்குப் பின் பிறந்தவற்றுக்கு அசலும் அரசின் பொறுப்பு. பழைய மரம் பாரம் தாங்கும், கன்று தாங்காது என்ற கணக்கு இது. சொந்த வருவாயில் மாணவர் கட்டணமும் அடங்கும் என்பதால் இந்தத் திட்டத்தின் மீது விமர்சனமும் உண்டு. வட்டி அடங்கிய இம்முறை நமக்கு ஏற்றதல்ல. ஆனாலும் இளம் நிறுவனத்தின் தலையில் அசலை ஏற்றக் கூடாது என்ற அறிவை நாம் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

நம் வட்டாரத்துப் பொதுக் கல்லூரிகளையும் பாருங்கள். 1968இல் விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், 1969இல் திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் தொடங்கின. காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் எழுந்தன. இவற்றில் படிக்கும் பிள்ளை கட்டடத்தின் அசலைச் சுமக்கவில்லை. பொதுமக்களின் வரிப்பணம் சுமந்தது. நம் கல்லூரியின் கட்டணம் அங்கிருந்து எவ்வளவு விலகிப் போகிறதோ, அவ்வளவுக்கு ஏழைப் பிள்ளை நம்மிடமிருந்து விலகிப் போவாள்.

கட்டி முடித்த மறுநாள்

கட்டடம் திறந்த மறுநாள் தொடங்கும் செலவு பராமரிப்பு. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை வக்ஃபு செய்தபோது, அதனை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்று நிபந்தனையிலேயே குறிப்பிட்டார்கள். நிர்வாகமும் ஒரு செலவு என்பதை அந்தத் தொடக்க கால வக்ஃபே மறைக்கவில்லை! வக்ஃபின் வருமானம் முதலில் அதன் பழுது பார்ப்புக்கே செலவிடப்பட வேண்டும். வக்ஃபு செய்தவர் அப்படி நிபந்தனை விதிக்காவிட்டாலும் இதுவே முறை என்று ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான 'ஹிதாயா' கூறுகிறது. நம் நவீன மதிப்பீடுகளிலோ பராமரிப்புக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஐம்பதாண்டு உழைக்கும் ஒரு கோடிக் கட்டடம் ஆண்டுக்கு இரண்டு லட்சம் தேய்கிறது என்று கணக்கர்கள் எழுதுவோம். அந்தத் தேய்மானத்தை யாரிடம் வசூலிப்பது? வருமான வரிச் சட்டத்தில் 2014இல் ஒரு திருத்தம் வந்தது. ஒரு அறக்கட்டளை, கட்டடம் கட்டிய தொகையை அறச்செலவாக ஒருமுறை காட்டிவிட்டால், அதே கட்டடத்தின் தேய்மானத்தை மீண்டும் செலவாகக் காட்ட முடியாது என்பதே அது. 2021இல் இன்னொரு திருத்தம்: கடன் வாங்கிச் செலவிட்டதை அவ்வாண்டின் அறச்செலவாகக் காட்ட முடியாது, கடனைத் திருப்பிச் செலுத்தும்போதுதான் காட்டலாம். ஒரே செலவை இருமுறை எழுதாதே என்பதே இரண்டின் சாரமும்.

இந்த நீதி நமக்கும் பொருந்தும். வள்ளல் ஒருவர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்த பணத்தில் எழுந்த வகுப்பறைக்கு, அதன் அசலை மீண்டும் மாணவியிடம் வசூலிப்பது ஒரே கட்டடத்தை இருமுறை விற்பதாகும். 2004ஆம் ஆண்டு டெல்லிப் பள்ளிகள் தொடர்பான மாடர்ன் ஸ்கூல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம், அங்கு நடைமுறையிலிருந்த விதிகளின்படி, மூலதனச் செலவு கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியாக அமைய முடியாது என்றது. வளர்ச்சிக் கட்டணம் வாங்க வேண்டுமானால் தேய்மான நிதியைத் தனியே பராமரிக்க வேண்டும் என்றும் கூறியது. தீர்ப்பு பள்ளிகளுக்கானது என்றாலும், அதன் நியாயம் நம் மனச்சாட்சிக்கும் ஏற்றதே.

ஆகவே கட்டடத்தோடு சேர்த்து வருமானம் தரும் சொத்தையும் உண்டாக்குங்கள். சாலையோரம் பத்துக் கடைகள், ஒரு திருமண மண்டபம் என ஏதேனும் ஒன்று. அதன் வாடகை பழுது பார்ப்புக்கும் ஏழை மாணவியருக்கும் போகட்டும். வகுப்பறைக்குக் கொடுப்பது எவ்வளவு ஸதகத்துல் ஜாரியாவோ, வகுப்பறையின் ஒழுகும் கூரைக்குக் கொடுப்பதும் அவ்வளவே.

எழுத வேண்டியதும், நீக்க வேண்டியதும்

இன்னும் சில சில்லறைச் செலவுகள் பெருந்தொகையாகும். கல்விக் கட்டணத்திற்கு ஜி.எஸ்.டி. இல்லாததால், கட்டுமானப் பொருள்களுக்கு நாம் செலுத்தும் ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெறவும் வழியில்லை. அது முழுவதும் நம் செலவே. சிமெண்டின் மீது 28 சதவீதமாக இருந்த இவ்வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது ஓர் ஆறுதல். கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காக 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட 1 சதவீதத் தீர்வையைச் சிலர் தண்டச் செலவென்பார்கள். உழைப்பாளியின் கூலியைத் தாமதியாமல் கொடுக்கப் பணித்த நபியின் உம்மத்து அப்படிச் சொல்லலாமா? நகர் ஊரமைப்பு அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, அரசு விதிப்படி மாற்றுத் திறனாளிகளுக்கான சாய்வுப் பாதை ஆகியவற்றையும் முதல் நாளே எழுதுங்கள்.

நீக்க வேண்டியவையும் உண்டு. கால்கோள் விழாவின் பிரியாணி, அலங்கார வளைவு, நிர்வாகஸ்தர்களின் பெயர் பொறித்த பளிங்குக் கல், விருந்தினர் சால்வை ஆகியவை கட்டடச் செலவல்ல. ஆசைப்படுபவர் தம் சொந்தப் பணத்தில் செய்துகொள்ளட்டும். மாணவர் சேர்க்கைக்காக 'நன்கொடை' என்ற பெயரில் வாங்கும் தொகையைக் கட்டட நிதி என்று எழுதுவது அறவே கூடாது. அதைத் தமிழக அரசு 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. விரும்பித் தருவதுதான் நன்கொடை. வேறு வழியின்றித் தருவது நன்கொடையாகாது.

திண்டிவனம் கூட்டத்திற்குப் பின் என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டுக்கு விடை எழுத எங்களுக்கு மூன்று மாதங்கள் ஆயின. நான்கு கோடித் திட்டத்தின் முழுச் செலவு ஆறு கோடியைத் தாண்டியது. கட்டணம் அந்த வட்டாரத்துத் தாய்மார்களுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. இளைஞர்கள் சிலர் மனம் உடைந்தார்கள். ஆனால் ஜமாஅத் திட்டத்தைக் கைவிடவில்லை, சுருக்கியது. கடனே இல்லாமல் தரைத்தளம் மட்டும், பேருந்துத் தடத்தில் வேறு நிலம், முன்புறம் ஒரு கடை வரிசை. அடிக்கல் இன்னும் நாட்டப்படவில்லை. நிதி சேர்ந்து வருகிறது. அதுவரை அரசுக் கல்லூரிகளில் படிக்கும் நம் பெண் பிள்ளைகள் சிலருக்கு அந்த ஜமாஅத்தே கட்டணம் செலுத்துகிறது.

வாசகர்களே, உங்கள் மஹல்லாவிலும் இப்படி ஓர் எண்ணம் எழுந்தால் நான்கு பத்திகள் கொண்ட ஒரு தாளை எடுங்கள். முதல் பத்தியில் செலவு. இரண்டாவதில் அது எந்த ஆண்டு வரும். மூன்றாவதில் யார் சுமப்பது, அதாவது வள்ளலா, வக்ஃபு வருமானமா, அழகிய கடன் தந்தவரா, மாணவியா. நான்காவதில் அதற்கான ஆதாரம். மூன்றாம் பத்தியில் 'மாணவி' என்ற சொல் எத்தனை முறை வருகிறதென்று எண்ணிப் பாருங்கள். பிறகு அந்தத் தாளை ஜும்ஆவுக்குப் பின் எல்லோர் முன்னிலும், பெண்களுக்கும் கேட்கும்படி, உரக்க வாசியுங்கள். தகவல் அறிந்த ஜமாஅத் தாராளமாகக் கொடுக்கும் என்பது என் அனுபவம்.

மறுமையில் நம் செல்வத்தைப் பற்றி, எங்கிருந்து சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்று கேட்கப்படும் என்பது நம் நம்பிக்கை. பிறர் தந்த செல்வத்திற்கு அந்தக் கேள்வி இன்னும் கனமானது. நம் கல்வி நிலையங்களை வட்டியின் தீமையிலிருந்தும், மறைத்த கணக்கின் பாரத்திலிருந்தும் வல்ல நாயன் பாதுகாப்பானாக! நம் பெண் மக்கள் எளிய கட்டணத்தில், நிமிர்ந்த தலையோடு கற்றுத் தேறும் நாளை நமக்குக் காட்டுவானாக! ஆமீன்.